நெட்டுவாக்குப் படம்

அது கேமராப் பைதானே தம்பி? ஏறும்போதே பாத்தேன். கைப்பிள்ளையத் தூக்கிட்டு வர்ற மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தீக. கல்யாணத்துக்கா? மதுரையிலயா? நல்லது, நல்லபடியா எடுங்க. நானும் மதுரைக்குத்தான். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்டூடியோவாம், கம்ப்யூட்டர்ல எதையும் மாத்திருவாகளாம். சாத்தூர்ல சொல்லி அனுப்புனாக. போறேன். அவுகளாலயும் ஆகலைன்னா என்ன செய்யிறதுன்னு தெரியல.

ஜன்னலைக் கொஞ்சம் தள்ளுங்களேன். வெக்கையா இருக்கு.

நமக்குச் சாத்தூர்ல உரக்கடை. ஒரே பையன், நவநீதன்னு பேரு. என்ஜினீயரிங் படிச்சான், ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை. வேலைக்குப் போன எடத்துல ஒரு பொண்ணு. சரி, இப்பல்லாம் நடக்கத்தான் செய்யுது. நான் அந்த மாதிரி ஆளு கிடையாது தம்பி. சாதி, மதம்னு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசுனதில்ல. நம்ம கடைக்கு யாரு வந்தாலும் ஒரே நாற்காலிதான். ஆனா கடை வேற, வீடு வேற இல்லையா? ஒரு நா போன் பண்றான். "அப்பா, ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டோம்"ங்கிறான். நான் திட்டல. வெட்டுவேன் குத்துவேன்னு நிக்கல. எங்க சொந்தத்துல அப்படி நின்னவுகளும் உண்டு, நான் நிக்கல. போனை வச்சேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேசல. பேசாம இருக்குறது ஒரு குத்தமா? சண்டை போட்டு அசிங்கப்படுத்துறதுக்கு அது மேலில்லையா? நீங்களே சொல்லுங்க.

அவனும் கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பாத்தான். அப்புறம் விட்டுட்டான். ரோஷக்காரன். யாருக்குப் பொறந்தவன்?

போன வருஷம் ஐப்பசியில ஒரு நாள் எங்க வீட்ல, சிந்தாமணின்னு பேரு, அடுப்படியில நின்னுக்கிட்டே சொல்றா, "நவநீக்குக் காய்ச்சலாம், ஆஸ்பத்திரியில சேத்துருக்காகளாம்"னு. யாரு சொன்னாகன்னு நான் கேக்கல. காய்ச்சல்தானே? ஊரு உலகத்துல யாருக்கும் வராத காய்ச்சலா? "ஒரு எட்டுப் போயிட்டு வருவோமா"ன்னா. கடையில லோடு எறங்குற நேரம், மழை வேற பிடிச்சிருச்சு, சம்சாரிக எல்லாம் யூரியாவுக்கு வந்து நிக்கிறாக. பாப்போம்னேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கேட்டா. பாப்போம்னேன்.

ரத்தத்துல என்னமோ ஒண்ணு கொறைஞ்சுபோச்சுன்னாக. அதை விடுங்க. அதைப் பேசி என்ன ஆகப்போகுது?

ஆம்புலன்ஸ்ல கொண்டாந்தாக. வாசல்ல வண்டி வந்து நின்னதும் முதல்ல எறங்குனது அந்தப் பொண்ணுதான். செருப்பில்லாம எறங்குச்சு. தெருவே கூடி நிக்குது, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லவும் நான் விடல. நானே ஒரு சேர் கொண்டாந்து போடச் சொன்னேன், பந்தலுக்கு வெளிய, வேப்பமரத்து நிழல்ல. அங்கிட்டு உக்காந்தா நல்லாக் காத்து வரும். காரியம் முடிஞ்சதும் எங்க மச்சினனையே கூட அனுப்பிச்சு பஸ் ஏத்தி விட்டோம். ஜன்னல் ஓரமா சீட்டுப் பிடிச்சுக் குடுத்துட்டுத்தான் வந்தான். நம்மால ஆன மரியாதை.

படம் விஷயத்துக்கு வர்றேன். எழவு வீட்டுக்கு ஃபிளக்ஸ் அடிக்கணும்னாக. அவன் படத்துக்கு எங்க போறது? வீட்ல இருந்ததெல்லாம் காலேஜ் படிக்கும்போது எடுத்தது. ஒட்டுன கன்னம், மீசை கூட ஒழுங்கா வரல. அதைத்தான் குடுத்தோம். பதினாறு முடிஞ்சு, அதையே பிரேம் போட்டுக் கூடத்துல மாட்டிரலாம்னு எடுத்தேன். சிந்தாமணி வந்து அதை வாங்கிப் பாத்தா. "இது சின்னப் பய படம். இறந்துபோனவன் படத்தை மாட்டுங்க"ன்னுட்டா.

அவ சொன்னதும் சரிதான். பொட்டியில வந்தவன் வேற மாதிரி இருந்தான் தம்பி. தாடி வச்சிருந்தான். தோளு அகண்டு, உடம்பு போட்டு, ஆம்பளையா இருந்தான். மூடியைத் தொறந்ததும் ஒரு நிமிசம் ஆளை மாத்திக் கொண்டாந்துட்டாகளோன்னு எனக்குத் தோணிருச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல இதை. ஒரு நிமிசம் சந்தோசமாக் கூட இருந்துச்சு.

சரி, இப்பத்துப் படத்துக்கு எங்க போறதுன்னு நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன். சிந்தாமணி அவ போனைத் தேய்ச்சு ஒரு படத்தைக் காட்டுறா. ஏதோ அணைக்கட்டுப் பக்கம், பார்க்குல எடுத்தது. அந்தப் பொண்ணு ஒரு பக்கம் சோளக்கதிரைக் கடிச்சுக்கிட்டு நிக்குது. இவன் இன்னொரு பக்கம் நின்னு சிரிக்கிறான். தாடியெல்லாம் இருக்கு. அந்தப் படம் இவ போனுக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. இந்தக் காலத்துப் போன்ல எல்லாம் அதுவாட்டுக்கு வருதுல்ல.

அதை எடுத்துக்கிட்டு வேல்ச்சாமி ஸ்டூடியோவுக்குப் போனேன். நம்ம பய கல்யாணம்னா அவன்தான் எடுத்திருப்பான். அவன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்குறான்.

"அண்ணாச்சி, இது அகலவாக்குப் படம். நீங்க நெட்டுவாக்குல கேக்கீக."

"ஆமா. எங்க வீட்டுச் சுவத்துல எங்க அய்யா, ஆத்தா, சின்னய்யா எல்லாரும் நெட்டுவாக்குலதான் இருக்காக. இவன் மட்டும் அகலமாப் படுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்? திருப்பி விடு."

"திருப்பி விட்டா ஆளு படுத்துருவாரு அண்ணாச்சி. வெட்டித்தான் எடுக்கணும். ரெண்டு பக்கமும் போக, அவரு நிக்கிற எடத்துல நெட்டா ஒரு துண்டு கெடைக்கும்."

"அதைத்தான்யா நானும் கேக்குறேன். பையன் மட்டும் போதும்."

வெட்டுனான். பெருசு பண்ணுனான். அய்யோ, என்னன்னு சொல்ல? மழை பெய்யும்போது கண்ணாடிக்கு அங்கிட்டு ஒருத்தர் நிப்பாகளே, அப்படி இருக்கு மூஞ்சி. கண்ணு ரெண்டும் கட்டம் கட்டமா. நான் கத்திட்டேன், "என்னய்யா இப்படிப் பண்ணி வச்சிருக்கே"ன்னு.

அவன் பொறுமையாச் சொன்னான். போன்ல அனுப்பும்போதே அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்புமாம். பாக்குறதுக்குத் தெரியாதாம். அதுல ஒரு துண்டை வெட்டி எடுத்தா மிச்சம் கொஞ்சந்தானாம், அதைப் போயி முழத்துக்கு இழுத்தா ஒடைஞ்சுதான் போகுமாம். "ஒரிஜினல் வேணும் அண்ணாச்சி. எடுத்த கேமராவுல இருந்து அப்படியே பென்டிரைவுல வாங்கியாங்க. அதுல வெட்டுனா கதவு சைசுக்குக் கூடப் போடலாம்."

"ஒரிஜினல் யார்கிட்ட இருக்கும்?"

அவன் என்னைப் பாத்தான். அப்புறம் படத்துல அந்தப் பக்கம் நிக்கிற பொண்ணைப் பாத்தான்.

ஓசூருக்குப் போனேன். நான்தான் போனேன் தம்பி, ஆள் அனுப்பல. விலாசத்தைச் சிந்தாமணியே எழுதிக் குடுத்தா. யாரையும் கேக்காம, எதையும் பாக்காம, கடகடன்னு எழுதுனா. "வாரேன்"னு கெளம்புனா. வேண்டாம், ஒரு படம் வாங்குறதுக்கு ரெண்டு பேரு எதுக்குன்னுட்டேன்.

மாடி வீடு. கதவைத் தொறந்து, "வாங்க மாமா"ன்னுச்சு. பின்னால எட்டிப் பாத்து, "அத்தை வரலையா?"ன்னு கேட்டுச்சு. பேரா? பேரு சுகந்தி. மேரி சுகந்தி. காப்பி போட்டுக் குடுத்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, நல்ல காப்பி. எனக்குச் சீனி ஆகாது. நான் சொல்லாமலே சீனி போடாமக் கொண்டாந்துச்சு. அவன் சொல்லி வச்சிருப்பான் போல.

வீட்டைச் சுத்திப் பாத்தேன். அவன் சட்டை ஒண்ணு ஆணியில தொங்குது. படம்னு ஒண்ணுகூட மாட்டல. "ஏம்மா, ஒரு படம் மாட்டக்கூடாதா"ன்னேன். "மாட்டுனா இல்லைன்னு ஆயிரும் மாமா"ன்னுச்சு. சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தல.

லேப்டாப்பைத் தொறந்து அந்தப் படத்தை எடுத்துச்சு. யப்பா! போன்ல பாத்ததுக்கும் அதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. பெருசு பண்ணப் பண்ண உள்ள போயிக்கிட்டே இருக்கு. தாடியில ஒரு முடி செம்பட்டையா இருக்கு, அதுகூடத் தெரியுது. அவன் கூட்டாளி ஒருத்தன் நல்ல கேமரா வச்சிருந்தானாம், அவன் எடுத்ததாம்.

"எப்படி வேணும் மாமா? முழுசாவா?"

"நெட்டுவாக்குல வேணும்மா. சுவத்துக்கு."

நான் வேல்ச்சாமி சொன்னதையெல்லாம் சொன்னேன், அகலவாக்கு, நெட்டுவாக்கு, வெட்டுறது. நான் ஒளிவுமறைவாப் பேசுற ஆளில்ல. உன்னைய எடுத்துட்டு அவன் மட்டும் வேணும்மான்னு நேராவே சொல்லிட்டேன். மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேசுறது எனக்கு ஆகாது.

"பென்டிரைவுல போட்டுக் குடும்மா, வேல்ச்சாமி வெட்டிக்கிருவான்"னேன்.

"வேண்டாம் மாமா, நானே வெட்டித் தர்றேன்"னுச்சு.

அதுவே உக்காந்து வெட்டுச்சு தம்பி. படத்து மேல நெட்டா ஒரு கட்டம் வந்துச்சு. கட்டத்துக்கு வெளிய இருக்குறதெல்லாம் இருட்டாப் போகுது. "உயரத்தை அப்படியே வச்சுக்கிறேன் மாமா, பக்கத்துல மட்டும் வெட்டுறேன். அப்பத்தான் பிரிண்டு பெருசாப் போட்டாலும் தெளிவு போகாது"ன்னுச்சு. எனக்குப் புரியிற மாதிரி ஒவ்வொண்ணாச் சொல்லுச்சு. கட்டத்தை அவன் மேல கொண்டாந்து நிறுத்துச்சு.

"இது போதுமா மாமா?"

பாத்தேன். ஓரத்துல பச்சையா ஒரு துணி. "துப்பட்டா தெரியுதும்மா"ன்னேன்.

கட்டத்தைக் கொஞ்சம் நகட்டுச்சு. "இப்ப?"

"சோளக்கதிர் தெரியுது."

"அவர் பாக்குற பக்கம் கொஞ்சம் எடம் விடணும் மாமா. ரொம்ப ஒட்டி வெட்டுனா சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும்."

"எடம் விட்டா உன் கை தெரியுதேம்மா."

மவுஸைப் பிடிச்சபடியே அப்படியே இருந்துச்சு. கட்டம் நகரல. கம்ப்யூட்டர்தான் நின்னுபோச்சோன்னு நெனச்சேன். "கரண்டு போயிருச்சாம்மா"ன்னு கேட்டேன். "இல்ல மாமா"ன்னுட்டு கட்டத்தை நகட்டுச்சு. அதோட கை, கதிர், துப்பட்டா எல்லாம் இருட்டுக்குள்ள போயிருச்சு. அவன் மட்டும் வெளிச்சத்துல நிக்கிறான், சிரிச்சுக்கிட்டு. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. "இதான்மா, இதான்"னேன்.

பென்டிரைவைக் கையில குடுக்கும்போது, "வெட்டாததும் உள்ள இருக்கு மாமா. அத்தைக்கு"ன்னுச்சு. நான் படியெறங்கும்போது கூடவே வந்து, "வருஷ தெவசத்துக்கு நான் வரலாமா மாமா?"ன்னு கேட்டுச்சு. கலந்து பேசிச் சொல்றேம்மான்னேன். யார்கிட்டக் கலந்து பேசணும்னு எனக்கே தெரியல. வாயில அப்படி வந்துருச்சு. அப்புறம் கடை வேலையில சொல்லவும் மறந்துபோச்சு. தெவசத்துக்கு அது வரல. வெவரம் புரிஞ்ச பொண்ணு.

பிரிண்டு வந்துச்சு பாருங்க, வேல்ச்சாமியே அசந்துட்டான். பளிச்சுன்னு இருக்கு. தெவசத்தன்னைக்கு மாட்டுனோம், மாலை போட்டோம். சொந்தக்காரவுக எல்லாம் வந்து பாத்துட்டு, உசுரோட நிக்கிற மாதிரி இருக்கேன்னு அழுதாக. எல்லாரும் சாப்பிட்டுப் போனப்புறம் சிந்தாமணி படத்துக்கு முன்னால வந்து நின்னா. ரொம்ப நேரம் நின்னா. திரும்பி என்கிட்டக் கேக்குறா.

"இவன் யாரைப் பாத்துச் சிரிக்கிறான்?"

அவ கேக்குற வரைக்கும் எனக்குத் தெரியல தம்பி. அவ கேட்டதுக்கப்புறம் வேற எதுவுமே தெரிய மாட்டேங்குது. எங்க அய்யா நேராப் பாக்குறாக. ஆத்தா நேராப் பாக்குறாக. இவன் மட்டும் அங்கிட்டுப் பாக்குறான். பிரேமு ஓரத்தை முட்டுற மாதிரி, வெறும் கட்டையைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கான்.

காலையில கடைக்குப் போறதுக்கு முன்னால ஒரு கும்பிடு போடுவோம்னு நிப்பேன். நான் இங்கிட்டு நிக்கிறேன், அவன் அங்கிட்டுப் பாக்குறான். தள்ளி நின்னு பாத்தேன். குனிஞ்சு பாத்தேன். ஸ்டூல் போட்டு ஏறிக்கூடப் பாத்துட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் பாக்கட்டும்னு... என்னத்தச் சொல்ல?

எடத்தை மாத்தினேன். எதுத்த சுவத்துல மாட்டுனா வாசலைப் பாக்குறான். யாரோ வரப்போற மாதிரி. வர்றவுக எல்லாம் ஒரு தடவை திரும்பி வாசலைப் பாத்துக்கிறாக. எனக்குப் பொறுக்கல. கழட்டிப் பழைய எடத்துலயே மாட்டிட்டேன்.

வேல்ச்சாமிகிட்டப் போயி அழாத கொறையாச் சொன்னேன். அவன் படத்தை இடம் வலமா மாத்திப் போட்டுக் குடுத்தான், கண்ணாடியில பாக்குற மாதிரி. கொண்டுபோயி மாட்டுனா, அடுப்படியில இருந்து கூடத்துக்கு வந்த சிந்தாமணி, வாசப்படி தாண்டலை, "மச்சம் மாறிருச்சு. இது எம்பிள்ளை இல்ல, எடுங்க"ன்னுட்டா. வலது கன்னத்து மச்சம் இடது பக்கம் போயிருச்சு. எனக்கு அவனுக்கு மச்சம் இருக்குறதே அப்பத்தான் தம்பி ஞாபகம் வந்துச்சு. எடுத்துட்டேன்.

இப்ப சிந்தாமணி என்ன செய்றா தெரியுமா? படத்துக்குப் பக்கத்துல, அவன் பாக்குற பக்கமா, சுவத்தை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கிட்டா. கீரை ஆயுறது, பூண்டு உரிக்கிறது, போன் பேசுறது எல்லாம் அங்கதான். ஏன் அங்க போயி உக்காந்திருக்கேன்னு கேட்டா, "இங்க உக்காந்தாத்தான் என்னையப் பாக்குறான்"ங்கிறா. போன்ல யார்கூடவோ மெதுவாச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருப்பா. நான் உள்ள வந்தா வச்சுருவா. அவ தங்கச்சியா இருக்கும்.

அவ கோயிலுக்குப் போயிருந்தப்ப நானும் அந்தச் சேர்ல உக்காந்து பாத்தேன். உக்காந்தா அவன் பார்வை என் தலைக்கு மேல போகுது. எந்திரிச்சு நின்னா நெஞ்சுகிட்டத்தான் வருது. எனக்கு மட்டும் எப்படி நின்னாலும் அமைய மாட்டேங்குது. கொஞ்ச நேரம் முழங்காலை மடக்கிக்கிட்டு, அரைகொறையா நின்னு பாத்தேன். அறுபது வயசுக்கு மேல எவ்வளவு நேரம் அப்படி நிக்க முடியும்?

அதான் மதுரைக்கு. கண்ணை மட்டும் நேராத் திருப்பிருவாகளாமே? வேல்ச்சாமி, "திருப்பலாம் அண்ணாச்சி, ஆனா ஆளு மாறிருவாரு"ங்கிறான். லேசா, ஒரு நூலு போதும். நம்மளப் பாக்குற மாதிரி இருந்தாப் போதும். நீங்களும் இந்தத் தொழில்ல இருக்கீக, சொல்லுங்க. அதுல ஏதாச்சும் வழி இருக்கா?

முழுசா மாட்டுறதா? அகலவாக்குல, அப்படியேவா?

சிந்தாமணியும் ஒரு நா அதைத்தான் சொன்னா. அது முறையில்ல தம்பி. அவன் படத்துக்கு மாலை போடுறோம். அந்தப் பொண்ணு உசுரோட இருக்கு. உசுரோட இருக்குற பிள்ளைக்கு மாலை போட்ட மாதிரி ஆயிராதா? அந்தப் பிள்ளையோட நல்லதுக்குத்தான் நான் பாக்குறேன். அதெல்லாம் உங்க வயசுல புரியாது. அதை விட்டுட்டு வேற வழி இருந்தாச் சொல்லுங்க.

திருமங்கலம் தாண்டிட்டமா? அப்ப நேரமில்ல. இருங்க, போன்லயே காட்டுறேன். வெட்டுனது இதுல இல்ல, முழுசாத்தான் இருக்கு. சிந்தாமணிதான் ஏத்திக் குடுத்தா. இந்தா, இதுதான். வாங்கிப் பாருங்க.

என்ன தம்பி, சிரிக்கிறீக? இல்ல, பரவாயில்ல. இதை முழுசாப் பாக்குறவுக எல்லாரும் அப்படித்தான் லேசாச் சிரிச்சுர்றாக. டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டர் பாத்துட்டு அவரும் சிரிச்சாரு. ஏன்னு தெரியல.

அந்தப் பக்கத்தைப் பாக்காதீக. கட்டைவிரலை வச்சு மறைச்சுக்கங்க. அப்படித்தான். இன்னும் கொஞ்சம், அந்தக் கையும் தெரியாம. ஆங். இப்ப அவனை மட்டும் பாருங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க, அந்தக் கண்ணை இங்கிட்டுத் திருப்ப முடியுமா?

விரலை எடுக்காதீக தம்பி. எடுக்காமச் சொல்லுங்க.